இதில் உனக்கு என்ன மணக்கிறது?

லீத், எடின்பரோ நகரத்தின் பழைய துறைமுகம். அங்கே ஜைல்ஸ் தெருவில் ஒரு கல் கட்டடம் இருக்கிறது. ஒரு காலத்தில் ஒயின் பீப்பாய்கள் இறங்கிய கிடங்கு. இப்போது அதன் மாடியில் தோல் உறை போட்ட நாற்காலிகள், குளிருக்குக் கணப்பு, அலமாரி நிறையப் பச்சை போத்தல்கள். எந்தப் போத்தலைத் திருப்பிப் பார்த்தாலும் வடிசாலையின் பெயர் கிடைக்காது. மான் தலை, கோட்டைப் படம் எதுவும் கிடையாது. இரண்டு எண்கள், நடுவில் ஒரு புள்ளி. முதல் எண் வடிசாலைக்கு உரியது. அடுத்தது, அங்கிருந்து வாங்கியதில் எத்தனையாவது பீப்பாய் என்பது. கூடவே, குடித்துப் பார்த்தவர்கள் எழுதிய நாலு வரி.

அங்கே உட்கார்ந்திருப்பவர்களிடம் "என்ன குடிக்கிறீர்கள்?" என்று கேட்டால், பதில் எண்ணில் தொடங்கிச் சமையலறையிலோ தாத்தாவின் பட்டறையிலோ மழையில் நனைந்த படகுத்துறையிலோ போய் முடியும். எலுமிச்சைத் தோல் என்பார் ஒருவர். இல்லை, தார் பூசிய கயிறு என்பார் பக்கத்தில் இருப்பவர். மூன்றாவது ஆள் கண்ணை மூடிக் கிளாஸுக்குள் மூக்கை விட்டபடி வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "பள்ளிக்கூட மேசை டிராயர்" என்பார். மற்ற இருவரும் மறுபடி மோந்து பார்ப்பார்கள். பென்சில் சீவல், மை, என்றோ மறந்துவைத்த ஆப்பிள். ஆமாம், ஆமாம். ஒருவர் சொன்ன பிறகுதான் மற்றவர் மூக்குக்கு அது எட்டுகிறது. இந்தப் பழக்கத்தின் சுகமும் இதன்மேல் உள்ள சந்தேகமும் அந்த ஒரு கணத்தில்தான் இருக்கின்றன.

இதைத் தொடங்கிவைத்தவர் பிப் ஹில்ஸ் என்கிற எடின்பரோக்காரர். 1970களில், வடகிழக்கு ஸ்காட்லாந்துக்குப் போயிருந்தபோது, பீப்பாயிலிருந்து நேராக எடுத்த கிளென்ஃபார்க்ளஸ் விஸ்கியைக் குடிக்க நேர்ந்தது. கடையில் கிடைத்ததற்கும் இதற்கும் ஏணி வைத்தாலும் எட்டவில்லை. நண்பர்களிடம் காசு சேர்த்து அந்த வடிசாலையில் ஒரு பீப்பாய் வாங்கினார், தன்னுடைய பழைய லகோண்டா காரில் ஏற்றி வந்து பங்கு பிரித்தார். பங்கு கேட்டு நண்பர்களின் நண்பர்கள் வந்தார்கள். ஆள் பெருகியதும் 1983இல் அது 'ஸ்காட்ச் மால்ட் விஸ்கி சொசைட்டி' ஆனது. கிளென்ஃபார்க்ளஸுக்கு இன்றுவரை எண் 1.

கடைப் போத்தலில் குறைவது என்ன? பீப்பாயிலிருந்து வரும் விஸ்கி அறுபது சதவீதச் சாராய வலுவோடுகூட இருக்கும். கடைக்கு அனுப்புவதற்கு முன் தண்ணீர் கலந்து 40 அல்லது 43க்குக் கொண்டுவருவார்கள். அந்த வலுவில் குளிர்பட்டால் விஸ்கி லேசாகக் கலங்கும். கலங்கினால் வாங்குபவர் முகம் சுளிப்பார். அதனால் முன்கூட்டியே குளிரவைத்து, கலங்கவைக்கும் கொழுப்புச் சேர்மங்களை வடிகட்டி எடுத்துவிடுவார்கள். கண்ணுக்கு அழகு கூடும், நாக்கில் கனம் குறையும். சொசைட்டி இந்த இரண்டையும் செய்யவில்லை. பீப்பாய் எப்படியோ போத்தல் அப்படி.

வடிசாலைகளுக்கு அதில் ஒரு சங்கடம். ஒரே வாலையில் வடித்த சரக்குதான் என்றாலும், பீப்பாய்க்குப் பீப்பாய் குணம் மாறும். காலங்காலமாகக் கட்டிக் காத்த கம்பெனிப் பெயரை, யாரோ ஒருவர் தனிப் பீப்பாயின் தலையில் எழுதி விற்றால் ஒப்புவார்களா? பெயர் வேண்டாம், எண் போட்டுக்கொள் என்று முடிந்தது. பெயர் போன இடம் காலியாகக் கிடந்தது. அந்தக் காலியிடத்தில்தான் பேச்சு வந்து உட்கார்ந்தது. பெயர் தெரிந்தால் "நல்ல சரக்கு" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம். எண்ணை வைத்துக்கொண்டு அப்படி நகர முடியாது. மூக்கில் பட்டதைச் சொல்லித்தான் ஆகவேண்டும்.

அது 1983 என்பதும் தற்செயல் இல்லை என்று நினைக்கிறேன். அன்று ஸ்காட்லாந்தில் விஸ்கி விற்காமல் தேங்கிக் கிடந்தது. தேக்கத்துக்கு 'விஸ்கி ஏரி' என்றே பெயர் வைத்திருந்தார்கள். அந்த ஒரே வருடத்தில் பல வடிசாலைகள் மூடப்பட்டன. ஐலா தீவின் போர்ட் எலன் அவற்றில் ஒன்று. வடித்ததில் பெரும்பங்கு கலப்பு விஸ்கிக்குள் பெயர் தெரியாமல் கரைந்து போய்க்கொண்டிருந்த காலம். ஒற்றை வடிசாலையின் மால்ட்டை, அதாவது சிங்கிள் மால்ட்டை, தேடிக் குடிப்பவர்கள் சிறு கூட்டம். அந்தக் கூட்டத்துக்கு 1989இல் ஒரு கையேடு கிடைத்தது. யார்க்‌ஷயரைச் சேர்ந்த மைக்கேல் ஜாக்சன் (பாடகர் இல்லை, இவர் பீரையும் விஸ்கியையும் பற்றி எழுதியே பேர் வாங்கியவர்) வடிசாலை வடிசாலையாக நிறம், மணம், சுவை, கடைசியில் தொண்டையில் தங்குவது என்று பிரித்து எழுதி, நூற்றுக்கு இத்தனை என்று மதிப்பெண்ணும் போட்டார். இன்று உலகத்தில் எந்த மூலையில் யார் விஸ்கிக் குறிப்பு எழுதினாலும் அந்த நாலு படியில்தான் ஏறி இறங்குகிறார்கள்.

நம்மூர் வாசகருக்கு இது கொஞ்சம் வேடிக்கையாகத்தான் இருக்கும். இங்கே 'குவார்ட்டர்' என்றால் 180 மில்லி. ஸ்காட்லாந்து பாரில் ஒரு அளவு 25 அல்லது 35 மில்லி. ருசி பார்க்கும் கூட்டத்தில் ஊற்றுவது பெரும்பாலும் அதைவிடக் குறைவு. துலிப் பூப்போல வாய் குறுகிய கண்ணாடிக் கிளாஸில் அதை வைத்துக்கொண்டு அரைமணி நேரம் பேசுகிறார்கள். இந்தியாவில் விஸ்கி என்று விற்பதில் பெரும்பகுதி கரும்பு ஆலையின் கழிவுப் பாகிலிருந்து வடித்த சாராயத்தை அடிப்படையாகக் கொண்டது. ஐரோப்பிய ஒன்றியச் சட்டப்படி அதை விஸ்கி என்று விற்க முடியாது. டாஸ்மாக் கடை ஓரத்தில் நின்று ஒரே மடக்கில் விழுங்கிவிட்டு, முகத்தைச் சுழித்து ஊறுகாயைத் தொட்டுக்கொள்ளும் மனிதரிடம் போய் "என்ன மணம் வந்தது?" என்று கேட்டால் என்ன சொல்வார்? அவர் குடிப்பது மணத்துக்காக அல்ல. அவர் வீட்டில் இருப்பவர்கள் படுகிற பாடு வேறு கட்டுரை. ஆனால் அங்கே அரைமணி நேரம் மோந்து பார்ப்பவரின் கையிலும் இருப்பது அதே எத்தனால்தான் என்பதை நினைவில் வைத்துக்கொண்டே மேலே படிக்கலாம். விஸ்கிக் கலவை செய்வதையே தொழிலாகக் கொண்ட பிளெண்டர்கள் இதை நன்றாக அறிந்தவர்கள். ஒரு நாளில் எத்தனையோ மாதிரிகளைப் பார்க்க வேண்டியவர்கள். குடித்தால் வேலை நடக்காது. 20 சதவீத வலுவுக்குத் தண்ணீர் கலந்து மூக்காலேயே முடிவு சொல்லிவிடுவார்கள்.

மூக்கு சொல்வதை வாய் சொல்ல வேண்டும் என்றால் சொல் வேண்டும். அதுதான் பஞ்சம். நிறத்துக்குப் பெயர்கள் இருக்கின்றன. மணத்துக்குத் தனிப் பெயர் பெரும்பாலான மொழிகளில் அதிகம் இல்லை. 'எதன் மணம்' என்றுதான் சொல்ல முடிகிறது. மல்லி மணம், மண் மணம், கருவாட்டு மணம். வடிசாலையில் வேலை செய்கிறவர் ஒருவர் 'புல் வாடை' என்பதும் இன்னொருவர் 'வைக்கோல்' என்பதும் ஒன்றா, வேறா? இந்தக் குழப்பம் தீர, எடின்பரோவின் பென்ட்லண்ட்ஸ் ஆராய்ச்சிக் கூடத்து ஆட்கள் 1979இல் ஒரு சக்கரம் வரைந்தார்கள். நடுவில் பெரும் வகைகள், விளிம்பை நோக்கிப் போகப் போக நுணுக்கமான சொற்கள். வரைந்தவர்களில் ஜிம் ஸ்வான் என்கிற வேதியியலாளரும் ஒருவர். அவர் பெயரை மறக்க வேண்டாம், திரும்ப வருவார்.

சக்கரத்தில் உள்ள சொற்கள் வெறும் கற்பனை இல்லை என்பதுதான் சுவாரசியம். விஸ்கியில் வாழைப்பழம் மணக்கிறது என்று ஒருவர் சொன்னால், ஊறலில் ஈஸ்ட் உண்டாக்கிய ஐசோஅமைல் அசிடேட் அதில் இருக்கிறது. வாழைப்பழத்துக்கு மணம் தருவதும் அதேதான். கிராம்பு என்றால் யூஜினால். பல் வலிக்குக் கிராம்புத் தைலம் வைத்தபோது மூக்கில் ஏறியதே, அதுதான். வெண்ணெய் என்றால் டையாசிட்டைல். வனிலா என்றால் வனிலின். ஓக் மரத்தைச் சுடும்போது அதன் நாரிலிருந்து பிரிந்து வருவது.

தேங்காயின் கதை இன்னும் விசேஷம். ஓக் மரத்தில், அதிலும் அமெரிக்க ஓக்கில், ஒரு லாக்டோன் இருக்கிறது. 'விஸ்கி லாக்டோன்' என்றே அதற்குப் பெயர். தேங்காய் மணம் அதனுடையது. அமெரிக்காவில் பூர்பன் விஸ்கியை உள்ளே கருக்கிய புது ஓக் பீப்பாயில்தான் ஊறவைக்க வேண்டும் என்று சட்டம். ஒருமுறை பூர்பன் ஊறிய பீப்பாய் அவர்களுக்கு மறுபடி உதவாது. ஸ்காட்லாந்துக்காரர்கள் அதை மலிவாக வாங்கிக் கப்பலேற்றி, மூன்று வருடம் முதல் முப்பது வருடம் வரை தங்கள் சரக்கை அதில் போட்டுவைக்கிறார்கள். மூன்றுக்குக் குறைந்தால் அது ஸ்காட்ச் இல்லை என்பது அவர்கள் சட்டம். இப்படி, ஒரு நாட்டின் சட்டத்தால் இன்னொரு நாட்டு விஸ்கியில், தென்னை மரத்தையே பார்த்திராத தீவுக்காரர் மூக்கில், தேங்காய் மணம் ஏறுகிறது.

தீவு என்று சொன்னது ஐலாவை. ஆங்கில எழுத்தைக் கூட்டிப் படித்தால் 'இஸ்லே' என்று வரும்; வாயில் சொல்வது ஐலா. மேற்குக் கரையோரம், சுமார் 3,200 பேர் வாழும் தீவு. மூடிய போர்ட் எலன் 2024இல் மறுபடி திறந்ததோடு பத்து வடிசாலைகள். மரம் அபூர்வம். ஆகவே எரிபொருள் பீட்: சதுப்பில் ஆயிரக்கணக்கான வருடம் மட்கிய பாசியும் செடியும் சேர்ந்த கருப்பு மண். செங்கல் செங்கலாக வெட்டிக் காயவைத்து எரிப்பார்கள். முளைகட்டிய பார்லியை, அதாவது மால்ட்டை, அந்தப் புகையில் உலர்த்தும்போது பீனால் வகைச் சேர்மங்கள் தானியத்தில் ஏறிவிடும். அந்தத் தானியத்திலிருந்து வடித்த விஸ்கிக்குப் புகை, தார், கடற்பாசி, இவற்றோடு ஒரு ஆஸ்பத்திரி வாடை. லஃப்ராய்க் வடிசாலையின் மால்ட்டில் பீனால் அளவு பத்து லட்சத்தில் 40 பங்குக்கு மேல். ஆர்ட்பெக்கில் 55 அளவில். புருக்லாடி வடிசாலை 'ஆக்டமோர்' என்ற பெயரில் வீம்புக்கு 300ஐத் தாண்டியும் போய்ப் பார்த்தது. அளப்பது மால்ட்டில்தான், போத்தலுக்கு வந்து சேர்வதற்குள் பெரும்பகுதி போய்விடும். ஆனாலும் எண்ணைச் சொல்லி மீசை முறுக்குகிறவர்கள் எல்லாக் கூட்டத்திலும் உண்டு.

லஃப்ராய்க்கை முதல் மடக்கில் விரும்பியவர்களை விரல் விட்டு எண்ணலாம். அந்தக் கம்பெனி அதை மறைக்கவில்லை. பிடிக்காதவர்கள் வைததையும் விளம்பரத்தில் போட்டது. 1994 முதல் வாடிக்கையாளருக்குத் தீவில் ஒரு சதுர அடி நிலம் ஆயுள் குத்தகைக்குத் தருகிறது. நேரில் போனால் வாடகையாக ஒரு சிறு டிராம் விஸ்கி கொடுப்பார்கள். ரப்பர் பூட்ஸ் மாட்டிக்கொண்டு சேற்றில் தன் ஒரு சதுர அடியைத் தேடிக் கொடி நட்டுவிட்டு வருகிறவர்களை நினைத்தால் சிரிப்பு வருகிறது; எனக்கும் ஒரு சதுர அடி இருந்தால் தேவலை என்றும் தோன்றுகிறது.

என் அத்தை மகன் அபர்டீனில் எண்ணெய்க் கம்பெனியில் இருக்கிறான். இரண்டு கோடைக்கு முன் லீவில் வந்தபோது ஒரு லஃப்ராய்க் கொண்டுவந்திருந்தான். கும்பகோணத்தில் அத்தை வீட்டு மொட்டைமாடி, ராத்திரி ஒன்பது மணி. அவன் கிளாஸைச் சாய்த்துப் பிடித்து, எப்படி மோந்து பார்க்க வேண்டும், வாயை லேசாகத் திறந்துகொண்டால் சாராயக் காட்டம் மூக்கைத் தாக்காது என்றெல்லாம் எனக்கு வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தான். மருந்து விடும் சொட்டுக்குழாயால் நாலு சொட்டுத் தண்ணீர் விட்டான். அலட்டல் என்றேன். இல்லை மச்சான், இதற்கு ஆராய்ச்சி இருக்கிறது என்றான். உண்மைதான். 2017இல் ஸ்வீடனின் லின்னேயஸ் பல்கலைக்கழகத்தில் இருவர் கணினியில் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். புகை மணம் தரும் குவாயகால், சாராய வலு 59 சதவீதத்துக்கு மேல் போனால் திரவத்துக்குள் அமுங்கிக்கொள்கிறது. தண்ணீர் சேர்த்து 45க்கு இறக்கினால் மேற்பரப்புக்கு வந்துவிடுகிறது. மேலே வந்தால் மூக்குக்குக் கிட்டே.

கிட்டே வந்தது எங்கள் மூக்குக்கு மட்டும் இல்லை. காய்ந்த துணி எடுக்க மாடிக்கு வந்த அத்தை படியிலேயே நின்றாள். "யாருக்குடா அடிபட்டுது? டிஞ்சர் வாடை வருது."

லஃப்ராய்க்கைப் பற்றி விற்பன்னர்கள் எழுதிய குறிப்புகளில் திரும்பத் திரும்ப வரும் சொல் அயோடின். அத்தை விஸ்கியைத் தொட்டதில்லை, சக்கரத்தைப் பார்த்ததில்லை, கையில் கிளாஸும் இல்லை. ஆறடி தூரத்திலிருந்து சொல்லிவிட்டாள். அமெரிக்காவில் மதுவிலக்கு இருந்த 1920களில், மருந்து வாடை அடிப்பதைக் காட்டியே லஃப்ராய்க்கை மருந்தாக உள்ளே விட்டார்கள் என்று ஒரு கதை சொல்வார்கள். அதிகாரிகளுக்கும் அத்தை மூக்கு இருந்திருக்கிறது.

அத்தைக்கு யாரும் எடுத்துக்கொடுக்கவில்லை. மற்றவர்கள் விஷயம் அப்படி இல்லை. 2001இல் வெளியான ஒரு பிரெஞ்சு ஆய்வு ஒயின்காரர்களை இன்றுவரை உறுத்துகிறது. போர்டோவில் ஒயின் படிப்புப் படிக்கும் 54 பேரிடம் வெள்ளை ஒயினில் மணமில்லாத சிவப்புச் சாயம் கலந்து கொடுத்தார்கள். சிவப்பு ஒயினுக்குச் சொல்லும் சொற்களாலேயே அதை வருணித்தார்கள். கண் சொன்னதை மூக்கு ஒப்பித்தது. விஸ்கியிலும் கண் ஏமாற்றும். நிறம் கருத்திருந்தால் வயது அதிகம், நல்ல சரக்கு என்று மனம் முடிவு கட்டிவிடும். நிறத்துக்காகக் கேரமல் சேர்ப்பது ஸ்காட்ச் சட்டத்தில் குற்றம் இல்லை. போட்டிகளில் நிறம் தெரியாத நீலக் கிளாஸ் வைப்பது இதற்காகத்தான். விலை, வயது, பெயர் மூன்றும் நிறத்தைவிடப் பெரிய சாயங்கள். 2023 நவம்பரில் லண்டன் ஏலத்தில் 1926ஆம் வருடத்து மெக்காலன் விஸ்கி ஒரு போத்தல் சுமார் 22 லட்சம் பவுண்டுக்குப் போனது. அதை வாங்கியவர் திறந்து, மோந்து பார்த்து, "கொஞ்சம் நனைந்த அட்டைப்பெட்டி வாடை" என்று சொல்லும் துணிச்சல் உள்ளவர் என்றால் அவரோடு ஒரு மாலை உட்காரத் தயார்.

பெயரை மறைத்தால் என்ன ஆகும் என்பதற்கு நம் பக்கத்து ஊரிலிருந்தே சாட்சி உண்டு. பெங்களூரின் அம்ருத் 1948இல் தொடங்கிய கம்பெனி. அதை நடத்தும் ஜக்தாலே குடும்பத்தின் அடுத்த தலைமுறைப் பிள்ளை ரக்‌ஷித், இங்கிலாந்தில் மேற்படிப்புப் படித்தபோது, இந்திய சிங்கிள் மால்ட்டை பிரிட்டனில் விற்க முடியுமா என்பதையே ஆய்வுக்கு எடுத்துக்கொண்டார். லேபிளைக் காட்டாமல் ஸ்காட்லாந்து பார்களில் ஊற்றிக் கொடுத்துக் கேட்டபோது, தங்கள் நாட்டு ஸ்பேசைடு வட்டாரத்தில் வடித்து வருடக்கணக்கில் ஊறிய சரக்கு என்று பலர் சொன்னார்களாம். 2004 ஆகஸ்டில் கிளாஸ்கோவில் அம்ருத் சிங்கிள் மால்ட் வெளியானது. பிறகு லேபிளைக் காட்டி விற்பதுதான் பெரும்பாடு. இந்தியர்கள் நடத்தும் உணவகங்கள்கூட முதலில் தயங்கின. அந்த நாட்களில் போத்தலைத் தூக்கிக்கொண்டு கடை கடையாக ஏறி இறங்கியவர்களில் அசோக் சொக்கலிங்கமும் ஒருவர். 2009இல் இந்திய பார்லியோடு ஸ்காட்லாந்துப் புகை மால்ட்டைச் சேர்த்து 'ஃப்யூஷன்' வந்தது. விமர்சகர் ஜிம் மர்ரி அதற்கு நூற்றுக்கு 97 போட்டு, உலகத்தில் மூன்றாவது என்றார். பெயர் தெரிந்தவர்கள் அதற்குப் பிறகுதான் மோந்து பார்க்கவே ஆரம்பித்தார்கள்.

ஸ்காட்லாந்துக் குளிரில் பீப்பாயிலிருந்து வருடத்துக்கு இரண்டு சதவீதம் ஆவியாகும். அதற்குத் தேவதைகளின் பங்கு என்று செல்லப் பெயர். பெங்களூரில் தேவதைகள் பத்துப் பன்னிரண்டு சதவீதம் கேட்கிறார்கள். நஷ்டம்தான். ஆனால் மரமும் சாராயமும் அந்தச் சூட்டில் அவ்வளவு வேகமாகக் கலந்து பேசுகின்றன. ஸ்காட்லாந்தில் பதினைந்து வருடம் எடுக்கும் கனம் இங்கே நாலைந்து வருடத்திலேயே வந்துவிடுகிறது. இந்த வெப்பக் கணக்கைத் தைவானுக்குக் கற்றுக்கொடுத்தவர் சக்கரம் வரைந்த ஜிம் ஸ்வான். யீலானில் உள்ள கவலான் வடிசாலையில் 2006இல்தான் முதல் சொட்டு வடிந்தது. 2010 ஜனவரியில், கவிஞர் ராபர்ட் பர்ன்ஸ் பிறந்தநாளை ஒட்டி ஒரு பத்திரிகை பெயர் மறைத்து நடத்திய போட்டியில், இளம் ஸ்காட்ச்சையும் இளம் இங்கிலீஷ் விஸ்கியையும் தாண்டி முதலில் வந்தது கவலான். போட்டி நடந்த இடம், அதே லீத்.

ஃப்யூஷனைப் பற்றி ஐரோப்பியர் எழுதிய குறிப்புகளில் ஆரஞ்சு மர்மலேடும் கஸ்டர்டும் கிறிஸ்துமஸ் கேக்கும் திரும்பத் திரும்ப வரும். அவர்கள் வீட்டில் இருப்பது அது. எனக்கு அதில் பானகம் தெரிகிறது. சுக்கும் ஏலமும் வெல்லமும், பின்னால் எங்கோ கோயில் மடைப்பள்ளிப் புகை. இரண்டு பேரும் அதே சேர்மங்களைத்தான் மோந்து பார்க்கிறோம்.

அன்றைக்கு மொட்டைமாடியில் கிளாஸ்களைக் கழுவாமல் விட்டுவிட்டோம். விஸ்கிப் பிரியர்களிடம் இது ஒரு சடங்கு. காய்ந்த கிளாஸை மறுநாள் காலையில் மோந்து பார்ப்பார்கள். சாராயமும் லேசான மணங்களும் ராத்திரியோடு பறந்துவிட, மரமும் புகையும் மட்டும் அடியில் படிந்திருக்கும். எழுந்து கீழே வந்தபோது, அத்தை முற்றத்துத் தொட்டியடியில் பாத்திரம் தேய்க்க உட்கார்ந்திருந்தாள். கையில் எங்கள் கிளாஸ். தண்ணீரில் நனைக்கப் போனவள் நின்று மூக்கருகில் கொண்டுபோனாள். மறுபடியும் ஒருமுறை.

"டிஞ்சர் போயிடுச்சுடா," என்றாள். "இது பொங்கலுக்கு மறுநாள் வாசல்ல கெடக்குமே, அந்த அடுப்பு. பால் பொங்கி வழிஞ்சு, வெல்லம் ஒட்டிக் கருகி, பொழுது விடிஞ்சு ஆறிக் கெடக்கும் பாரு. அது."

அத்தை மகன் போனை எடுத்து அதை அப்படியே எழுதிக்கொண்டான்.